மூலைக் குழியில் டோரிட்

டோரிட் தப்பே செய்ய மாட்டாள் என்று அந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு பேச்சு இருந்தது. பேச்சைக் கிளப்பிவிட்டவள் வேறு யாருமில்லை, டோரிட்தான். இருபத்தோரு வருடம் விடாமல் சொல்லிக்கொண்டே வந்ததில் மற்றவர்களும் நம்பிவிட்டார்கள். கடைசியில், பாவம், அவளும் நம்பிவிட்டாள். வினை அங்கேதான் பிடித்தது.

ஆல்போர்க் நகரத்தின் கிழக்கு ஓரத்தில், பேருந்து வட்டமடித்துத் திரும்புகிற இடத்தில் இருக்கிறது அந்த இரண்டு மாடிக் கட்டடம். அங்கே ஒரு சட்டம் உண்டு. வேலையில் சொதப்புகிறவர் அந்த வெள்ளிக்கிழமை கேக் கொண்டுவர வேண்டும். கடையில் வாங்கினால் செல்லாது, சொந்தக் கையால் சுட்டிருக்க வேண்டும். காலை ஒன்பதரைக்கு அதை மேசை நடுவில் வைத்து, என்ன சொதப்பினேன் என்று எல்லார் முன்னாலும் நின்றபடி சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் ஆளுக்கு ஒரு துண்டு தின்பார்கள். தின்றுவிட்டால் கதை முடிந்தது. அப்புறம் அந்தத் தப்பைப் பற்றி யாரும் மூச்சுவிடக் கூடாது.

யார் எந்தத் தேதியில் எதற்காகக் கேக் சுட்டார்கள் என்கிற பட்டியல் ஃப்ரிட்ஜ் கதவில் தொங்கும். எழுதுவது டோரிட். பேராசிரியர் எப்பெ பேர் அதில் ஏழு இடத்தில் இருக்கிறது. அதில் இரண்டு, உறைபெட்டிக் கதவைத் திறந்துபோட்டுவிட்டு வீட்டுக்குப் போனதற்கு. முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிற சிஸல் பேர் மூன்று இடத்தில். டோரிட் பேர் எங்கேயும் இல்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களைக் காபிக்கு அழைத்துப்போகிற சாக்கில் அந்தக் கதவுக்கு முன்னால் நிறுத்துவாள். "நல்லாத் தேடிப் பாரு, என் பேரு எங்கயாவது இருக்கா?" என்பாள். அவளுக்குக் கேக் சுடவே தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் வரவில்லை என்று அதிலும் ஒரு பெருமை. இப்படிப்பட்டவளைக் கடவுள்தான் எத்தனை நாளைக்குப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார்?

அவள் பிறந்தது ஹிர்ட்ஷால்ஸ் துறைமுகத்தில். அப்பா மீன்பிடிக் கப்பலில் சமையல்காரர். பதினெட்டு வயதில் மீன் ஆலையின் பரிசோதனை அறையில் சேர்ந்து, டப்பாவுக்குப் போகிற ஹெர்ரிங் மீனில் எத்தனை பாக்டீரியா என்று எண்ணிக்கொண்டிருந்தாள். ஆலை மூடியதும் இங்கே வந்தாள். "மீன்லருந்து பொம்பளைங்களுக்கு மாறினேன், அதான் என் பதவி உயர்வு," என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். இப்போது ஐம்பத்தெட்டு வயது. கணவன் ப்ரேபன் ஓய்வுபெற்ற தபால்காரன். ஊரில் கடிதம் எழுதுவதே நின்றுபோனதால் ஓய்வு தானாக வந்துவிட்டது.

ஆய்வுக்கூடத்துக்கு மாதிரிகள் பல ஊர்களிலிருந்து வரும். பெண்கள் தங்கள் யோனியிலிருந்து பஞ்சுக்குச்சியால் தாங்களே எடுத்து, சின்னக் குழாயில் போட்டு அனுப்புவார்கள். ஒவ்வொரு குச்சியிலும், பாலைத் தயிராக்குகிற பாக்டீரியாவின் சொந்தபந்தங்கள் கூட்டம் கூட்டமாகக் குடியிருக்கும். அந்த பாக்டீரியாவைத் தின்று பிழைக்கிற வைரஸ்களும் கூடவே இருக்கும். அவை மனுஷியை ஒன்றும் செய்யாது. டோரிட்டின் வேலை அந்த வைரஸ்களைப் பிடித்துக் கொடுப்பது. மிக நுண்ணிய வடிகட்டியில் விட்டால் பாக்டீரியா மேலே தங்கும், வைரஸ் கீழே இறங்கும். பிறகு வைரஸின் மேலோட்டைச் சூட்டில் உடைத்து, உள்ளே இருக்கிற மரபணுவை எடுத்து, நகல் பெருக்கி, வரிசை படிக்கும் கருவிக்குக் கொடுக்க வேண்டும். கருவி அதை எழுத்து எழுத்தாகப் படித்துக் கணினியில் கொட்டும். அந்தக் குப்பையைக் கிளறி, இன்னாரிடம் இன்ன வைரஸ் என்று கண்டுபிடிப்பது சிஸலின் பாடு.

இதற்கெல்லாம் ஒரு தட்டு உண்டு. பணியாரக் கல்லை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கி, குழிகளைத் தொண்ணூற்றாறாக்கினால் எப்படி இருக்கும், அதுதான் தட்டு. ஒரு குழிக்கு ஒரு பெண். இரண்டு குழி மட்டும் விதிவிலக்கு. வலது கீழ் மூலையில் வெறும் தண்ணீர். அதிலும் வைரஸ் தெரிந்தால் கூடத்துக்குள்ளேயே ஏதோ அசிங்கம் நடந்திருக்கிறது என்று அர்த்தம். இடது மேல் மூலையில், வைரஸ் நிறைய உண்டு என்று முன்பே தெரிந்த ஒரு மாதிரி. செய்முறை ஒழுங்காக நடந்ததா என்று பார்க்க அது உதவும். அதில் பழகிய வைரஸ் ஒன்று தட்டுப்படுகிறதா என்று சின்னச் சோதனையில் பார்ப்பதோடு சரி, படிக்கிற கருவிக்கு அனுப்புவதில்லை. அந்த மாதிரிக்குப் பெயர் பூஜ்யம்.

பூஜ்யம் வேறு யாருமில்லை, டோரிட்தான்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் நடந்தது. செய்முறை தயார், கருவி தயார், பெண்களிடம் மாதிரி வாங்க அனுமதி மட்டும் வரவில்லை. எப்பெ தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டோரிட் ஒரு பஞ்சுக்குச்சியை எடுத்துக்கொண்டு கழிவறைக்குப் போனாள். நாலே நிமிடத்தில் திரும்பி வந்து அவன் முன்னால் குழாயை வைத்தாள்.

"இந்தா, மாதிரி."

"யாருது?"

"கேக்காதே. வேலையப் பாரு."

எப்பெ கேட்கவில்லை. ஒரு வாரத்தில் அது யாருடையது என்று யோசிப்பதையும் மறந்துவிட்டான். ஆனால் அதிலிருந்த பாக்டீரியாவின் முடிவைப் பார்த்துவிட்டுச் சொன்ன ஒரு வார்த்தையை டோரிட் மறக்கவில்லை. "இந்த அம்மாகிட்ட இருக்கற பாக்டீரியா அபூர்வமான ஜந்து. ஆயிரத்துல ஒருத்தர்கிட்ட இருந்தா பெரிசு." அதன் லத்தீன் பெயரை அவள் மனப்பாடம் செய்துகொண்டாள். அந்த வாரம் முழுக்க நகரத் தெருக்களில் சைக்கிள் ஓட்டியபோது முதுகு கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது. உலகத்தில் ஒருத்தி எதற்கெல்லாம்தான் கர்வப்படுவது என்று ஒரு வரைமுறை வேண்டாமா! பின்னர் அவள் இன்னும் சில குச்சிகள் கொடுத்து, எல்லாவற்றையும் இருநூறு சின்னக் குழாய்களில் பங்கிட்டு, மைனஸ் எண்பது டிகிரி உறைகுளிரில் அடுக்கினாள். உடம்பு அதற்குப் பிறகு மாதவிலக்கை நிறுத்தி, முடி நரைத்து, முழங்கால் வலித்து, பல மாறுதல் கண்டுவிட்டது. உறைபெட்டியில் மட்டும் டோரிட்டுக்கு இன்னும் நாற்பத்தொன்பது வயது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சூடேற்றும்போது தட்டை அலுமினியத் தாளால் ஒட்டி மூடுவார்கள். ஆறியதும் தாளின் அடியில் குட்டிக் குட்டித் துளிகள் வியர்த்திருக்கும். தட்டைச் சுழலியில் வைத்து ஒரு சுற்று விட்டு, துளிகள் குழிக்குள் இறங்கிய பிறகு தாளை மெல்ல உரிக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்துக் குழிகளில் தெறிக்கும். இந்த விதியை எழுதிச் சுவரில் ஒட்டியதே டோரிட்தான். ஆனால் சுழலி கீழ்மாடியில் இருக்கிறது. அங்கே குடிநீர் சோதிக்கிற ஆட்கள் பிடித்து வைத்து வானிலை பேசுவார்கள். அதனால் அவள் போவதில்லை. இடது மேல் மூலையை நகத்தால் கிளப்பி, ஒரே இழுப்பு. சர்ர்ர்! அந்தச் சத்தத்தைக் கேட்டு அடுத்த அறையில் உள்ளவர்கள் "டோரிட் உரிச்சாச்சு, காபிக்கு நேரமாச்சு" என்பார்கள். அவளுக்கு அதிலும் பெருமை.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியக் கூட்டத்தில், சிஸல் எழுந்து நின்றாள். மூன்று வருடமாக நூற்று அறுபது பெண்களின் மாதிரிகளோடு மல்லுக்கட்டுகிறவள். அந்த மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். அன்று அவள் கன்னம் சிவந்திருந்தது.

"ஒரு வைரஸ் கிடைச்சிருக்கு. எந்தப் பட்டியல்லயும் இல்ல. நூத்தி அறுபது பேருல முப்பத்தொரு பேர்கிட்ட இருக்கு. முழுசா படிச்சுட்டேன், ஒரு எழுத்துகூட விடல."

எப்பெ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "புத்தம் புதுசா?"

"புத்தம் புதுசு. ஒண்ணுதான் இடிக்குது. இது தின்னு பிழைக்கிற பாக்டீரியா அந்த முப்பத்தொரு பேருல ஒருத்தர்கிட்டயும் இல்ல."

"இடிக்கறதாவது! மொத்தத்தையும் தின்னு ஏப்பம் விட்டிருக்கு, அவ்ளோதான். சிஸல், இது பெரிய விஷயம்!"

எல்லாரும் கைதட்டினார்கள். டோரிட்தான் எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டினாள், தட்டை உரித்தது அவள் கையல்லவா. முப்பத்தொரு பெண்களுக்கும் வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அரசாங்க மின்தபாலில் கடிதம் போகும் என்றாள் சிஸல். உங்களிடம் உலகம் இதுவரை அறியாத ஒரு வைரஸ் இருக்கிறது, பயம் வேண்டாம், இன்னொரு மாதிரி தர முடியுமா என்று. பிறகு அந்த பாக்டீரியாவின் பெயரைத் திரையில் காட்டினாள்.

டோரிட்டின் கை பாதியில் நின்றது. மனப்பாடம் செய்த பெயர்.

கூட்டம் கலைந்ததும் தன் நோட்டை எடுத்துக்கொண்டு மாதிரி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். எந்தப் பெண் தட்டில் எந்தக் குழி என்கிற வரைபடம் அந்த நோட்டில் பென்சிலால் மட்டும்தான் இருக்கிறது. கணினிக்குப் பெண்களின் எண் தெரியும், பக்கத்து வீடு எதிர்த்த வீடு தெரியாது. நூற்று அறுபது பேரையும் இரண்டு தட்டில் பங்கிட்டிருந்தாள். சிஸலின் முப்பத்தொரு எண்களைப் பார்த்து ஒவ்வொரு கட்டமாகச் சிவப்புப் பென்சிலால் நிரப்பினாள். முதல் தட்டில் பதினேழு, இரண்டாவதில் பதினான்கு. நிரப்பி முடித்து நோட்டைக் கொஞ்சம் தள்ளிவைத்துப் பார்த்தாள். இரண்டு தட்டிலும் சிவப்பு முழுக்க இடது மேல் மூலையைச் சுற்றி, சர்க்கரைக்கு எறும்பு வந்த மாதிரி மொய்த்திருந்தது. தூரத்து மூலையில் தண்ணீர்க் குழி, ஒரு துளி படாமல், பத்தினியாக உட்கார்ந்திருந்தது. அது எப்படிக் காட்டிக்கொடுக்கும்? அழகுக்காக அதை அவ்வளவு தூரத்தில் வைத்தவளும் அவள்தான்.

முப்பத்தொரு பெண்களிடம் இருந்தது வைரஸ் அல்ல. டோரிட்.

நோட்டை மூடினாள், இழுப்பறையில் போட்டாள், பூட்டினாள், சாவியைப் பையில் போட்டுக்கொண்டாள். சொன்னால் சிஸலின் மூன்று வருடத்தில் ஒரு வருடம் குப்பைக்குப் போகும். கூடவே டோரிட்டின் இருபத்தோரு வருடப் பெயரும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த நோட்டை அவளைத் தவிர யாரும் திறந்ததே கிடையாது.

வீட்டில் ப்ரேபன் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தான்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி வர்றே?"

"ப்ரேபன், முப்பத்தொரு பொம்பளைங்ககிட்ட என்னோட வைரஸ் இருக்காம்."

கத்தி நின்றது. "நீ எப்படி அவங்களுக்குக் குடுத்தே?"

"குடுக்கல. தெறிச்சிருச்சு."

அவன் கத்தியைத் துணியில் துடைத்தான். "எனக்கு ஒண்ணும் விளங்கல. ஆனா இத வெளிய யார்கிட்டயும் இப்படிச் சொல்லித் தொலைக்காதே."

அவள் உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னாள். தட்டு, தாள், மூலை, கடிதம் எல்லாம். அவன் ஒரு கிழங்கைச் சீவிச் சீவிக் கோலி அளவுக்குக் கொண்டுவந்துவிட்டான்.

"நான் முப்பத்தாறு வருஷம் தபால் போட்டவன். வீடு மாத்திப் போட்டுட்டா என்ன செய்யணும்? திரும்பிப் போயி, கதவத் தட்டி, மன்னிப்பு கேட்டு வாங்கிட்டு வரணும். சில வீட்ல நாய் வேற இருக்கும்."

"நீ எத்தன தடவ அப்படிப் போயி வாங்கினே?"

"ஒரு தடவகூட இல்ல. சத்தம் போடாம வந்துருவேன்." கிழங்கைப் பாத்திரத்தில் போட்டான். "அதனாலதான் இன்னைக்கும் பேக்கரிக்குப் பின்பக்கத் தெருவுல என்னால சைக்கிள்ல போக முடியல. சுத்திப் போறேன்."

இதைக் கேட்டவள் மறுநாள் போனவுடன் எல்லாவற்றையும் போட்டு உடைத்திருக்க வேண்டும், இல்லையா? உடைக்கவில்லை. முதலில் உறுதிப்படுத்திக்கொள்வோம் என்று தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டாள். ஒருவேளை அது நானாக இல்லாமலும் இருக்கலாம், என்னைப் போலவே அபூர்வமானவர்கள் முப்பத்தொரு பேர் இருக்கக் கூடாதா என்று. புதன்கிழமை காலை ஒரு பூஜ்யக் குழாயை எடுத்து, தீப்பெட்டி அளவில் இருக்கிற சின்னக் கருவியில் படிக்கக் கொடுத்தாள். பதிவேட்டில் "கருவி பழுது பார்ப்பு" என்று எழுதினாள். பொய்யும் சுத்தமான கையெழுத்தில்.

அன்று மதியம் சிஸல் அவள் மேசைக்கு வந்தாள். "டோரிட், அந்தக் கடிதம். உனக்குத்தான் கண்ணு கூர்மை. எழுத்துப்பிழை இருக்கான்னு பாத்துக் குடேன்."

டோரிட் வாயைத் திறந்தாள். சிஸலின் கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருவளையம், அதற்கு மேலே அப்படியொரு சந்தோஷம். திறந்த வாயை மூடிக்கொண்டு கடிதத்தை வாங்கினாள். இரண்டு காற்புள்ளியைத் திருத்திக் கொடுத்தாள். வேறென்ன செய்தாள் என்று கேட்கிறீர்களா? "நல்லா இருக்கு" என்றும் சொன்னாள். அந்த இரண்டு காற்புள்ளிகளை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குக் காது சுடும்.

வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கருவி முடிவைக் கொட்டியது. பூஜ்யத்துக்குள் இருந்த வைரஸையும் சிஸலின் புது வைரஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணினி ஒப்பிட்டுப் பார்த்தது. நாற்பதாயிரம் எழுத்து. ஒரு எழுத்துகூட மாறவில்லை. சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து எதிலும் தனித்துத் தெரியாத மீன் ஆலைக்காரி, கடைசியில் உலகத்துக்கே புதிதாக ஒன்றை வைத்திருக்கிறாள். அதைப் பிள்ளைகுட்டியிடம்கூடச் சொல்லிக்கொள்ள முடியாத இடத்தில் வைத்திருக்கிறாள்.

அவள் மூன்று மணிக்கே கிளம்பி, வழியில் மாவும் பழுப்புச் சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மேலே தேங்காய் பரப்பிய கனவு கேக் என்று ஒன்று, அந்தப் பக்கத்தில் சின்னக் குழந்தைகூடச் சுடும். டோரிட் சுட்டாள். புகை அலாரம் அலறியது.

"அலாரம் அடிச்சா வெந்துருச்சுன்னு அர்த்தம்," என்று ப்ரேபன் ஜன்னலைத் திறந்தான்.

மேலே தேங்காய் கருகி, நடுவில் பள்ளம் விழுந்து, ஓரம் சைக்கிள் டயர் கணக்காக இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. புகையால்தான் என்று சொல்லிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு அதை மேசை நடுவில் வைத்தாள். பன்னிரண்டு பேரும் கேக்கைப் பார்த்தார்கள், ஃப்ரிட்ஜ் கதவைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யாரு கேக்?" என்றான் எப்பெ. "நான் இந்த வாரம் எதையும் தொடவே இல்லியே."

"என்னுது," என்றாள் டோரிட்.

யாரோ தேக்கரண்டியைக் கீழே போட்டார்கள்.

அவள் நின்றபடி சொன்னாள். சுழலிக்குப் போகாததைச் சொன்னாள். சர்ர் என்று இழுத்ததைச் சொன்னாள். நோட்டைத் திறந்து சிவப்புக் கட்டங்களைக் காட்டினாள். "சிஸலோட வைரஸ் அந்த முப்பத்தொரு பேர்கிட்டயும் கிடையாது. பூஜ்யக் குழியிலருந்து தெறிச்சது. கடிதத்த அனுப்பாதீங்க."

சிஸல் எழுந்து ஓடினாள். கணினி இருக்கிற அறைக் கதவு படார் என்று சாத்தியது. மணி ஒன்பது நாற்பத்தேழு.

எப்பெ நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப அந்தப் பூஜ்யம்... அது யாரு?"

"நான்தான், எப்பெ. ஒம்பது வருஷமா என்னை வச்சுத்தான் எல்லாரையும் சரி பாத்துட்டிருக்கே."

மூலையில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள், அவ்வளவுதான், மேசையே சிரித்தது. எப்பெவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "முப்பத்தொரு வீட்டுக்கு டோரிட்ட தபால்ல அனுப்பப் பாத்தோமே!" என்றான். டோரிட்டும் சிரித்தாள். இதற்கா மூன்று நாள் பயந்தேன் என்று நினைத்தாள். அப்போது சிஸல் வாசலில் வந்து நின்றாள்.

"நிறுத்திட்டேன்," என்றாள். பிறகு டோரிட்டைப் பார்த்தாள். "உனக்கு எப்பலருந்து தெரியும்?"

"செவ்வாக்கிழமை சாயங்காலத்துலருந்து."

"புதன்கிழமை உன்கிட்டதான கடிதத்தக் குடுத்தேன்."

டோரிட் கேக் வெட்டும் கத்தியை எடுத்து, மறுபடி கீழே வைத்தாள்.

"காற்புள்ளி திருத்திக் குடுத்தே," என்றாள் சிஸல். "தட்டு யார் கையிலயும் தெறிக்கும், டோரிட். அதுக்கு ஒரு கேக் போதும். ஆனா காற்புள்ளிய திருத்திக் குடுத்தியே."

சிரிப்பு நின்றுபோனது. எல்லாரும் தட்டை எடுத்துக் கருகின கேக்கைத் தின்றார்கள், சட்டம் சட்டம்தானே. சிஸல் தின்னவில்லை. அவளுக்கு வெட்டிய துண்டு அப்படியே இருந்தது. டோரிட் அதைத் தாளில் சுற்றி, மேலே "சிஸல்" என்று எழுதி, காபி அறை ஃப்ரிட்ஜின் உறைபெட்டியில் வைத்தாள். ஃப்ரிட்ஜ் கதவில் தன் பெயரைத் தானே எழுதினாள். இரண்டு தப்பாக, இரண்டு வரியில் எழுதினாள். முதல் வரி தாள். இரண்டாவது வரி காற்புள்ளி.

நல்லவேளை, பெண்கள் அனுப்பிய மாதிரியில் பாதியை எடுத்து வைப்பது வழக்கம். சிஸல் அந்தப் பாதியை எடுத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து தானே செய்ய ஆரம்பித்தாள். ஆய்வேட்டுத் தேதி இலையுதிர்காலத்துக்குத் தள்ளிப்போனது. டோரிட்டைப் பக்கத்தில் விடவில்லை. காலையில் "வணக்கம்", மாலையில் "போய்ட்டு வரேன்", இரண்டுக்கும் நடுவில் ஒரு வார்த்தை கிடையாது. டோரிட் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்ப்பாள். சிஸல் கணினியில் புலி, துளி அளந்து விடுகிற பிப்பெட்டைப் பிடித்தால் பூனைக்குட்டி. கை நடுங்கும். எட்டு குழிக்கு ஒரு தடவை எண்ணிக்கை விட்டுப்போகும். மறுபடி முதலிலிருந்து எண்ணுவாள். டோரிட் தன் கைகளைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொள்வாள். இருபத்தோரு வருடத்தில் அவளுக்கென்று இருந்தது கை ஒன்றுதான். அந்தக் கை வேண்டாம் என்று ஒருத்தி சொல்லிவிட்டாள், வாயால்கூடச் சொல்லவில்லை. தொழில்முறைப் பெருமைக்காரி இப்போது கீழ்மாடிக்கு வெறுமனே போய், குடிநீர்க்காரர்களோடு நின்று வானிலை பேசினாள். அவர்கள் நல்ல மனிதர்கள் என்று இருபத்தோரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குச் சிஸல் டோரிட்டின் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். கையில் ஒரு தட்டு, மேலே அலுமினியத் தாள். சூடேற்றி ஆற வைத்தாயிற்று. முப்பத்தொரு பெண்களின் மீதிப் பாதியும் அதற்குள் இருந்தது. இதற்கு மேல் மிச்சம் கிடையாது.

"தண்ணிக் குழிய இந்தத் தடவ பூஜ்யத்துக்கு ஒட்டின மாதிரி பக்கத்துலயே வச்சிருக்கேன்," என்றாள். டோரிட்டின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "தெறிச்சா முதல்ல அதுல தெரியும்."

"நல்ல யோசனை."

"என் கை நடுங்குது. நீயே உரி."

டோரிட் தட்டை வாங்கினாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். சிஸல் ஒரு படி பின்னால் வந்தாள், காவல்காரி மாதிரி. கீழே சுழலி. குடிநீர்க்காரன் ஒருவன் "இன்னைக்குக் காத்து..." என்று தொடங்கினான். "அப்புறம் பேசலாம்," என்றாள் டோரிட். ஒரு சுற்று முடிந்து மேலே வந்து, தட்டை மேசையில் வைத்து, கீழ் மூலையிலிருந்து தாளை மயிரிழை மயிரிழையாகத் தூக்கினாள். சத்தமே வரவில்லை. உரித்து முடிக்க ஆறு நிமிடம் ஆனது. அடுத்த அறையில் யாரும் காபிக்கு எழுந்திருக்கவில்லை. அவள் முதுகு வியர்த்து நனைந்திருந்தது.

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. தண்ணீர்க் குழி சுத்தம். முப்பத்தொரு பெண்களிடமும் அந்த வைரஸ் இல்லை, ஒருத்தியிடமும் இல்லை. நாற்பத்தொன்பது வயது டோரிட்டிடம் மட்டும் இருக்கிறது. ஐம்பத்தெட்டு வயது டோரிட் கொடுத்துப் பார்த்த புதுக் குச்சியிலும் இல்லை. சிஸல் முடிவைப் படித்துவிட்டு எழுந்து காபி அறைக்குப் போனாள். டோரிட் அங்கே தனியாக உட்கார்ந்து கறுப்பு ரொட்டி தின்றுகொண்டிருந்தாள்.

சிஸல் ஃப்ரிட்ஜைத் திறந்து உறைபெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினாள். தன் பெயர் எழுதிய பொட்டலத்தை எடுத்தாள். எதிரில் உட்கார்ந்து தாளைப் பிரித்தாள். கேக் கல்லாக இருந்தது. மேலே பனி. பல்லால் ஓர் ஓரத்தைக் கடித்து உடைத்து வாயில் போட்டு மென்றாள். நெடுநேரம் மென்றாள். அடுத்த கடி. அடுத்த கடி. டோரிட் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கருகின தேங்காய்த் துருவல் உட்பட, கடைசித் துணுக்குவரை சிஸல் தின்று முடித்தாள்.

"வாயில வைக்க முடியல, டோரிட்," என்றாள் வாயைத் துடைத்துக்கொண்டு. "இனிமே நீ சொதப்பினா கடையில வாங்கிட்டு வா. எப்பெகிட்ட சொல்லி உனக்கு மட்டும் சட்டத்த மாத்தச் சொல்றேன்."

டோரிட் மேசையில் கிடந்த தாளை எடுத்து மடித்தாள். சரி என்று தலையை மட்டும் ஆட்டினாள்.